மேலப்பேரியில் எண் போட்ட மரங்கள்

போன மாதம் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் ஒரு விடுதியின் மாடிக்கூடத்தில், வனத்துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு ஒரு நாள் பயிற்சி நடந்தது. ஓய்வு பெற்ற வனவர்களில் இரண்டு பேரைப் பேச அழைத்திருந்தார்கள். ஒருவருக்கு முழங்கால் வலி, வரவில்லை. நான் போனேன். எனக்கு முன்னால் பேசியவர் திரையில் படம் காட்டி, 'நிலப்பரப்பு அணுகுமுறை' என்று ஒரு சொல்லை விளக்கினார். காட்டைத் தனியாக, வயலைத் தனியாக, குளத்தைத் தனியாகப் பார்க்கக் கூடாது; அங்கே வாழும் உயிர்களையும் அங்கே பிழைக்கும் மனிதர்களையும் சேர்த்து வைத்துத்தான் திட்டம் போட வேண்டும் என்றார். நல்ல சொல்தான். கேள்வி நேரத்தில் ஒரு இளம் பெண் அலுவலர் எழுந்து, உங்கள் காலத்தில் இப்படி ஏதாவது செய்ததுண்டா என்று என்னைக் கேட்டார். மேலப்பேரியில் செய்தோம் என்றேன். எப்படிச் செய்தீர்கள் என்றார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடித்துவிட்டேன். சொல்லாமல் விட்டதுதான் அதிகம். அதில் என் பிழையும் இருந்ததால் அத்தனை பேர் முன்னால் வாய் வரவில்லை. வீட்டுக்கு வந்து எழுத உட்கார்ந்தேன்.

எங்கள் குடும்பத்தில் எல்லாரும் வாத்தியார்கள், இல்லாவிட்டால் குமாஸ்தாக்கள். மரத்தைப் பற்றி யாருக்கும் ஒன்றும் தெரியாது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் இருந்து வந்த ஒரு அட்டைதான் என்னை வனவர் ஆக்கியது. பயிற்சியில் ஒரு வருடம் ஓடினோம், நடந்தோம், இலையைக் கசக்கி முகர்ந்து மரத்தின் பெயர் சொன்னோம். மலைக்காட்டில் போடுவார்கள் என்று நினைத்தால் என்னைச் சமூகக் காடுகள் பிரிவில் போட்டார்கள். புலியும் இல்லை, யானையும் இல்லை. ஊர்க் குளங்களுக்குள் நட்டுவைத்த கருவேல மரங்கள்தான் என் காடு.

இப்போதுள்ளவர்களுக்கு இதை விளக்க வேண்டியிருக்கிறது. தாமிரபரணியில் இருந்து பிரியும் கால்வாய்கள் வழியில் உள்ள குளங்களை ஒவ்வொன்றாக நிரப்பிக்கொண்டு போகும். அந்தக் குளங்களின் மேட்டுப்பகுதியில் விறகுக்காக அரசாங்கமே கருவேல் நட்டது. பத்துப் பன்னிரண்டு வருடத்தில் மரம் முற்றிவிடும். துறை எண் போட்டுக் கொடுக்கும், ஏலம் நடக்கும், எடுத்தவர் வெட்டிக்கொண்டு போவார், வரும்படியில் பஞ்சாயத்துக்கும் பங்கு உண்டு. மேலப்பேரி ஒரு கால்வாயின் கடைசிக் குளம். நாங்குநேரிப் பக்கத்துக் காய்ந்த பூமி அதற்கப்புறம் தொடங்கிவிடும். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு ஆடி மாதம், அந்தக் குளத்து மரங்களுக்கு எண் போடும் வேலை எனக்கு வந்தது.

எண் போடுவது லேசான வேலை இல்லை. இரண்டு காவலர்கள் கூட வருவார்கள். ஒருவர் நெஞ்சு உயரத்தில் நாடாவைச் சுற்றிச் சுற்றளவைச் சத்தமாகச் சொல்ல வேண்டும். எழுதுகிறவன் அதே அளவைத் திருப்பிச் சொல்லிவிட்டுத்தான் எழுத வேண்டும். திருப்பிச் சொல்லாமல் எழுதினால் பிழை வரும். இன்னொருவர் அரிவாளால் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டையைச் செதுக்கி, தாரில் எண் எழுதுவார். அதே எண்ணைத் தூரிலும், வெட்டுவாய்க்குக் கீழே வருகிற மாதிரி எழுத வேண்டும். மரம் போன பிறகு குத்துக்கட்டையில் எண் நிற்க வேண்டும் அல்லவா. கடைசியில் அதன் மேல் சுத்தியல் முத்திரை. ஆடிக் காற்றில் தார் தெறித்து முகமெல்லாம் புள்ளியாகும். செருப்பைத் துளைத்து முள் ஏறும். சட்டையில் ஒரு ஊக்கு குத்தி வைத்திருப்போம், உட்கார்ந்து எடுப்பதற்கு.

மூன்று நாள் வேலை. மூன்றாம் நாள் பிற்பகல் குளத்தின் கிழக்கு மூலையில் நிற்கும்போது மடைக்காரர் சுடலைமுத்து வந்தார். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவருடைய குடும்பத்து வேலை. ஐம்பது வயது இருக்கும், மெலிந்த ஆள், சத்தம் போட்டுப் பேச மாட்டார். மரத்தின் உச்சியைக் காட்டினார். சுள்ளிகளால் தட்டுத் தட்டாகக் கட்டிய பழைய கூடுகள், ஒரு மரத்துக்கு ஆறு ஏழு. "இங்கன இருக்கதெல்லாம் மஞ்சமூக்கு நாரைக் கூடு ஐயா. இப்பம் ஒண்ணும் இருக்காது. தை மாசம் வந்து பாருங்க" என்றார். பார்த்தேன். காலிக் கூடுகள். குளம் வறண்டு வெடித்துக் கிடந்தது.

எங்கள் படிவத்தில் கடைசிக் கட்டம் 'குறிப்பு'. அதில் எல்லாரும் 'இல்லை' என்று எழுதுவதுதான் வழக்கம். கூடு உண்டு என்று எழுதினால் எந்தெந்த மரம் என்று தனிப்பட்டியல் கேட்பார்கள். மறுபடி இரண்டு நாள் நடக்க வேண்டும். அன்று சாயங்காலம் நாங்குநேரிப் பேருந்தைப் பிடித்து நான் வீட்டுக்குப் போக வேண்டும். என் மகளுக்கு மறுநாள் முதல் பிறந்தநாள். கார்பன் தாளை வைத்து அழுத்தி 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சுடலைமுத்து பக்கத்தில்தான் நின்றார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது.

ஐப்பசியில் எங்களுக்குப் புதிய ரேஞ்சர் வந்தார். பெயர் செபஸ்தியான். உவரிக்காரர். அவருடைய அப்பா கட்டுமரத்தில் கடலுக்குப் போனவர். ஆறடி உயரம், நெற்றி வரை கறுத்த முகம், எப்போதும் கையில் ஒரு குடை. பணிஓய்வுக்கு ஒன்றரை வருடம் இருந்தது. அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. நாம் அறிக்கையை நீட்டினால் வாங்க மாட்டார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வாசியும்" என்பார். நாம் நின்றுகொண்டு வாசிக்க வேண்டும், அவர் கண்ணை மூடிக் கேட்பார். பிழை இருந்தால் எது என்று சொல்ல மாட்டார். "இன்னொரு தரம் வாசியும் வே" என்பார். இரண்டாம் தரம் வாசிக்கும்போது நமக்கே தட்டுப்படும். திருத்தம் எல்லாம் பென்சிலில்தான். சிவப்பு மையை அவர் தொட்டதில்லை. ஒரு மாதத்தில் நாங்கள் எல்லாரும் அறிக்கையை வீட்டிலேயே ஒரு தடவை சத்தமாக வாசித்துவிட்டு வரப் பழகிவிட்டோம். என் மேலப்பேரி அறிக்கை மட்டும் அவர் வருவதற்கு முன்பே மேலே போய்விட்டது. அதை அவர் கேட்கவில்லை.

மாசி மாதம் ஒரு காலை. நான் நாற்றங்காலில் பைகளுக்கு மண் நிரப்பும் இடத்தில் நின்றுகொண்டிருந்தேன். சுடலைமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். பன்னிரண்டு மைல் மிதித்து வந்திருந்தார். மூச்சு வாங்கியது. "வெட்டுதாவ ஐயா" என்று மட்டும் சொன்னார். எதை என்று நான் கேட்கவில்லை. அவரைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மொபெட்டில் போனேன்.

குளக்கரையில் ஏறியதும் சத்தம்தான் முதலில் வந்தது. மஞ்சமூக்கு நாரைக்குக் கத்தத் தெரியாது. கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் அலகை அலகோடு தட்டும். நூற்றுக்கணக்கான பறவைகள் மேலே சுற்றியபடி தட்டிக்கொண்டிருந்தன. கீழே பதினோரு மரங்கள் சாய்ந்து கிடந்தன. முழங்கால் தண்ணீரில் கிளைகளுக்கு நடுவே குஞ்சுகள். பஞ்சை ஒட்டிவைத்த மாதிரி வெள்ளை உடம்பு, பறக்கத் தெரியாத இறக்கை. பயத்தில் கக்கிய மீன்கள் தண்ணீரில் மிதந்தன. ஊர் நாய்கள் நான்கு கரையோரம் காத்து நின்றன. நான் ஆடியில் செதுக்கித் தார் பூசிய எண்கள் ஒவ்வொரு தூரிலும் தெளிவாகத் தெரிந்தன.

ஏலம் எடுத்தவர் வேலாயுதம் அண்ணாச்சி, விறகுக்கடைக்காரர். செங்கல் சூளைகளுக்கு விறகு கொடுப்பவர். நல்ல மனிதர், யாரையும் ஏமாற்றாதவர். நிறுத்துங்கள் என்று நான் கத்திக்கொண்டு போனதும், அவர் மடியில் இருந்து பட்டியலை எடுத்து விரித்து, அடியில் இருந்த கையெழுத்தைக் காட்டினார்.

"இது உங்க கையெழுத்துதான சார்? நீங்க எண் போட்ட மரத்தத்தான வெட்டுதேன். எம்மேல என்ன தப்பு?"

ரேஞ்சர் வரும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள் என்று கெஞ்சினேன். அவர் யோசித்தார். கூலிக்கு முப்பது பேர் வந்திருக்கிறார்கள், லாரி நிற்கிறது, கெடு பங்குனி முடிய. அதற்குள் வேலை தானாகவே நின்றுபோயிருந்ததை இருவரும் பார்த்தோம். கிளை கழிக்க வந்த பெண்களில் ஒருத்தி, இசக்கியம்மாள், அரிவாளைக் கரையில் வைத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கிச் சுள்ளி அள்ளும் கூடையில் குஞ்சுகளைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்து மற்றப் பெண்களும் இறங்கிவிட்டார்கள். வேலை செய்யாதவர்களுக்குக் கூலி கிடையாது என்று அண்ணாச்சி சொன்னார். வேண்டாம் என்று அவள் நிமிராமலே சொன்னாள்.

ரேஞ்சருக்குப் பஞ்சாயத்துத் தொலைபேசியில் இருந்து தகவல் சொன்னேன். ஜீப் பழுது. மதியப் பேருந்தில் வந்து இறங்கி, குடையை விரித்துக்கொண்டு கரைமேல் நடந்து வந்தார். அரைமணி நேரம் விழுந்த மரங்களையும் நிற்கும் மரங்களில் உள்ள கூடுகளையும் பார்த்தார். பிறகு என்னிடம், அறிக்கையின் நகல் இருக்கிறதா என்று கேட்டார். பையில் இருந்தது. கண்ணாடியைக் கழற்றினார்.

"வாசியும்."

வெயிலில் நின்று வாசித்தேன். சர்வே எண், பரப்பு, மரங்களின் எண்ணிக்கை, சுற்றளவு வாரியாக வகை. கடைசியில், "குறிப்பு: இல்லை."

"இன்னொரு தரம் வாசியும் வே."

முடியவில்லை. தாளை மடித்துவிட்டேன். அவர் வற்புறுத்தவில்லை. கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து, குடையைத் தோளில் சாய்த்துக்கொண்டு, முழங்காலில் தாளை வைத்து எழுதத் தொடங்கினார். வனவிலங்குச் சட்டத்தில் 'வேட்டை' என்ற சொல்லுக்குள் பறவையின் கூட்டைக் குலைப்பதும் அடங்கும். அந்தப் பிரிவைச் சொல்லி, மேல் உத்தரவு வரும்வரை வெட்டு நிறுத்தப்படுகிறது என்று எழுதினார். செல்லுபடியாகிற ஏல உத்தரவை நிறுத்த ஒரு ரேஞ்சருக்கு அதிகாரம் உண்டா என்பதே சந்தேகம். அண்ணாச்சி நீதிமன்றம் போனால் இவர் பதில் சொல்ல வேண்டும். ஓய்வூதியக் கோப்பு அங்கேயே நின்றுவிடும். இது எனக்குத் தெரியும், அவருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"அண்ணாச்சி, உம்ம மேல ஒரு தப்பும் இல்ல" என்றார் தாளை நீட்டியபடி. "ஆனா இனி ஒரு மரம் விழுந்தா அது வேட்டை. இத நான் எழுதிக் குடுக்கேன். என் பொறுப்பு. நாளைக்குக் காலைல ஒம்பது மணிக்கு இதே எடத்துக்கு வாரும்."

மறுநாள் ஒன்பது மணிக்கு ஊரே வந்திருந்தது. பஞ்சாயத்து அலுவலகத்தில் நாற்காலி போட்டிருந்தார்கள். ரேஞ்சர் அங்கே உட்கார மறுத்துவிட்டார். குளத்தைச் சுற்றி நடப்போம் என்றார். அண்ணாச்சி, பாசனச் சங்கத் தலைவர் சங்கரலிங்கம், மீன் குத்தகை எடுத்திருந்த மேலப்பாளையம் மைதீன் பாய், சுடலைமுத்து, பின்னால் இருபது முப்பது பேர். நான் கிராம வரைபடத்தைச் சுமந்துகொண்டு நடந்தேன்.

முதல் அரைச் சுற்றும் சண்டைதான். மூன்று வருடமாக மரத்தை வெட்டச் சொல்லி மனுக் கொடுத்துவருகிறோம் என்றார் சங்கரலிங்கம். மரத்தடியில் வண்டல் சேர்ந்து குளம் மேடாகிவிட்டது, தண்ணீர் நிற்பதில்லை, கடைமடை வயல் நனையவில்லை. மைதீன் பாய் தன் பங்குக்கு, ஒரு நாரை ஒரு நாளைக்கு எத்தனை மீன் தின்கிறது என்று கையை விரித்துக் காட்டினார். கடைசியில் சங்கரலிங்கம் நின்றுவிட்டார். வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், சொல்லை அளந்து பேசுகிறவர்.

"பறவைக்கு நீங்க பாக்குதீக. எங்களுக்கு யாரு பாக்குதா? கூடு இருக்குன்னு இப்பம் சொல்லுதீகளே, எண் போடும்போது இவியளுக்குக் கண்ணு தெரியலியா?"

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ரேஞ்சர் பார்க்கவில்லை. அவர் குளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சுடலைமுத்துவைப் பார்த்தேன். 'நான்தான் சொன்னேனே' என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவர் தலையைக் குனிந்து காலால் மண்ணைத் தள்ளிக்கொண்டிருந்தார். எனக்காகத்தான் பேசாமல் இருக்கிறார் என்று புரிந்தபோது அதைத் தாங்க முடியவில்லை.

கண் தெரிந்தது என்றேன். சுடலைமுத்து அன்றைக்கே கூட்டைக் காட்டிச் சொன்னார், நான்தான் எழுதவில்லை, எழுதினால் இன்னும் இரண்டு நாள் வேலை என்று விட்டுவிட்டேன், தப்பு என்னுடையது என்றேன். பிறந்தநாளைச் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்பதுபோல் ஆகாது என்று தோன்றியது.

கத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். சங்கரலிங்கம் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துவிட்டு, சரி நடங்க என்றார். ஒரு அரசாங்க ஆள் தப்பை ஒப்புக்கொண்டு அவர்கள் அதுவரை கேட்டதில்லை போலும். அதற்குப் பிறகு பேச்சின் சத்தம் குறைந்தது. அண்ணாச்சிகூட என் தோளைத் தட்டினார்.

மடையருகில் வந்ததும் ரேஞ்சர் கரைச் சரிவில் உட்கார்ந்தார். எல்லாரும் உட்கார்ந்தோம். அப்போதுதான் அவர் பேசினார். "எங்க ஊர்ல ஒரே கடல்லதான் நாலு வகை வலையும் போடணும். சாளை வலைக்காரன் போற நேரத்துல எறா வலைக்காரன் போனா ரெண்டு பேருக்கும் வலை கிழியும். அதனால யாருக்குக் கடல் வேணும்னு நாங்க கேக்க மாட்டோம். எப்பம் வேணும், எங்கன வேணும்னு கேப்போம். இப்பம் நீங்க ஒவ்வொருத்தரா சொல்லுங்க. உங்களுக்கு எப்பம் வேணும்? எங்கன வேணும்?"

குடைக்கம்பியால் ஈர மண்ணில் பன்னிரண்டு கட்டம் போட்டார், மாதத்துக்கு ஒன்று. சங்கரலிங்கத்துக்குத் தண்ணீர் மழைக்காலத்தில் நட்ட பிசான நெல் முற்றும்வரை, பங்குனி நடுவரை வேண்டும். மைதீன் பாய்க்குச் சித்திரையில் குளம் வற்றும்போது மீன் பிடிக்க வேண்டும். அண்ணாச்சிக்கு மரம் வேண்டும், எந்த மாதம் ஆனாலும் சரி, சூளை ஓடுகிற வெயில் காலமாக இருந்தால் நல்லது. நாரைக்கு எப்போது என்று ரேஞ்சர் கேட்டபோது சுடலைமுத்துதான் பைய எழுந்து, மார்கழியில் வந்து கட்டும், ஆனியில் குஞ்சு பறந்துவிடும், அதுவரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும், வற்றிவிட்டால் நாயும் நரியும் ஏறும் என்றார். மண்ணில் இருந்த கட்டங்களை எல்லாரும் குனிந்து பார்த்தோம். உண்மையில் மோதுகிற மாதங்கள் மூன்றுதான்.

ஒப்பந்தம் மதியத்துக்குள் முடிந்தது. கிழக்குப் பகுதியில் கூடுள்ள மரங்களைத் தொடுவதில்லை. மேற்கே மடையைச் சுற்றியுள்ள மரங்களில் கூடு இல்லை, அவற்றை ஆடியில் வெட்டலாம், ரேஞ்சர் கெடு நீட்டிப்புக் கேட்டு எழுதுவார். மரம் போனதும் அந்த இடத்து வண்டலை விவசாயிகள் வயலுக்கு அள்ளிக்கொள்ளலாம், குளமும் ஆழமாகும். மைதீன் பாய் மேற்குப் பள்ளத்தில் மட்டும் வலை போடுவார். கிழக்கில் ஆனி வரை முழங்கால் தண்ணீர் நிற்க வேண்டும், அந்த அளவு வந்ததும் மடை அடைபடும். அந்த அளவை மடைக்கல்லில் ஒரு கோடாகக் கீறினோம். யாருக்கும் முழுத் திருப்தி இல்லை. ஒவ்வொருவரும் எதையோ விட்டுக்கொடுத்துவிட்டுப் போனார்கள். நான் எழுதினேன், நின்றுகொண்டு வாசித்தேன், கையெழுத்தும் ரேகையும் வாங்கினோம்.

தாளில் எழுதுவது ஒன்று, தண்ணீர் வற்றுவது வேறு. அந்த வருடம் பின்மழை ஏமாற்றிவிட்டது. பங்குனி முதல் வாரத்திலேயே தண்ணீர் மடைக்கல் கோட்டுக்கு இறங்கிவிட்டது. பெரும்பாலான வயல்களில் நெல் பழுத்துவிட்டது. கடைமடையில் பிந்தி நட்ட வயல்களுக்கு மட்டும் இன்னும் ஒரு நனைப்பு வேண்டும். கோட்டுக்குக் கீழே ஒரு சாண் தண்ணீரை விட்டால் போதும். பிந்தி நட்டவர்களில் ஒருவர் சுடலைமுத்து. குளத்துக்கு மடை பார்ப்பவருடைய வயல் எப்போதும் கடைசிதான், எல்லாருக்கும் பாய்ச்சிவிட்டுத்தான் தன் வயலுக்குப் போவார்.

தண்ணீர் கோட்டைத் தொட்டுவிட்டது என்று செய்தி வந்து ரேஞ்சரும் நானும் போனோம். திறந்து விடலாமா என்று கேட்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தோம். போய்ப் பார்த்தால் மடை அடைபட்டிருந்தது. சுடலைமுத்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

ஒரு நாளைக்குத் திறந்தால் என்ன, நான் மேலே விளக்கம் எழுதிக்கொள்கிறேன் என்று ரேஞ்சர் சொன்னார். சுடலைமுத்து தலையை ஆட்டினார். "என் வயலுக்குன்னு நானே தொறந்தா அடுத்த வருசம் யாரு இந்தக் கோட்ட மதிப்பா? இருக்கட்டும் ஐயா. பாதியாவது தேறும்."

பாதி தேறவில்லை, கால்பங்குதான் தேறியது. அறுவடை முடிந்ததும் சங்கரலிங்கம் தன் களத்தில் இருந்து இரண்டு மூட்டை நெல்லை வண்டியில் ஏற்றிச் சுடலைமுத்து வீட்டு வாசலில் இறக்கச் சொன்னார். அதைப் பார்த்து மற்றவர்களும் தங்களால் ஆனதைக் கொண்டுவந்தார்கள். சுடலைமுத்துவின் மனைவி எதையும் உள்ளே எடுத்துவைக்காமல் வாசலிலேயே நின்றாள் என்றும், கடைசியில் சங்கரலிங்கமே ஒரு மூட்டையைத் தூக்கி உள்ளே வைத்தார் என்றும் பிறகு கேள்விப்பட்டேன்.

ஆடியில் மேற்கு மரங்கள் விழுந்தன. இந்தத் தடவை ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்துவிட்டுத்தான் எண்ணைச் சரிபார்த்தோம். அண்ணாச்சி நீதிமன்றம் போகவில்லை. எனக்குச் சிறு தண்டனைக்கான பதினேழு-ஏ விதியில் குற்றச்சாட்டுக் குறிப்பாணை வந்தது. விளக்கத்தில் நடந்ததை அப்படியே எழுதினேன். ஊதிய உயர்வு ஆறு மாதம் தள்ளிப்போனது. அந்த உத்தரவை என்னிடம் கொடுத்தபோது ரேஞ்சர் வாசிக்கச் சொல்லவில்லை. தேநீர் வாங்கிவரச் சொல்லி எனக்கும் ஒரு குவளை ஊற்றினார். அவருடைய நிறுத்த உத்தரவைப் பற்றி மேலிடத்தில் இருந்து இரண்டு கடிதம் வந்தது. இரண்டுக்கும் பென்சிலில் வரைவு எழுதி, என்னை மையில் எழுதவைத்து அனுப்பினார். குறித்த நாளில் ஓய்வு பெற்று உவரிக்குப் போனார். கடைசி நாள் விருந்தில் பேசச் சொன்னபோது, பேச எழுந்து, எங்கள் எல்லாரையும் ஒருதரம் பார்த்துவிட்டு, கும்பிட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

இசக்கியம்மாளைப் பற்றி எழுதாமல் இதை முடிக்க முடியாது. அன்று அவள் கூடையில் பொறுக்கியது பதினேழு குஞ்சுகள். பள்ளிக்கூடத்துப் பின்னால் கிடந்த ஒரு பழைய மாட்டுக்கொட்டகையில் வைத்து, வெட்டிய மரத்தின் முள்ளையே வேலியாக வைத்தாள். அவளுக்கு அப்போது நாற்பது வயது இருக்கும். கணவன் இல்லை, பிள்ளைகளும் இல்லை. கூலி வேலைக்குப் போய்விட்டு வந்து மீதி நேரம் அங்கேயே இருந்தாள். மீன் வேண்டும். மைதீன் பாய் தன் மற்றக் குத்தகைக் குளங்களில் வலை போட்ட நாளெல்லாம் விலைபோகாத பொடிமீனை ஒரு சட்டியில் கொடுத்து அனுப்பினார். கொடுக்கும்போதெல்லாம் முறையிடுவார். "இதுவ பெருசானா எம் மீனத்தான திங்கும். அதுக்கு நானே தீனி போடுதேன் பாத்தீரா." ஆனால் கொடுப்பதை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை தொழுகைக்குப் போகும் வழியில் வேலிக்கு வெளியே நின்று எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் போவார்.

அவருக்கு வலை இல்லாத நாட்களில் நான் நாங்குநேரிச் சந்தையில் இருந்து வாங்கிவருவேன். எங்கள் வீடு சைவம். மீனை அதுவரை கையால் தொட்டதில்லை. மொபெட்டில் கட்டிக்கொண்டு வரும்போது நாற்றம் சட்டையில் ஏறிவிடும். என் மனைவி என்னை வாசலிலேயே நிறுத்தி, கிணற்றடியில் குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். என்ன காரியமாகப் போகிறேன் என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வெந்நீர் போட்டு வைக்க ஆரம்பித்தாள்.

பதினேழில் எட்டு செத்தன. ஒவ்வொன்றுக்கும் இசக்கியம்மாள் ஒரு நாள் சாப்பிடாமல் இருந்தாள். மீதி ஒன்பதும் தேறின. வைகாசியில் இடுப்பு உயரம் வளர்ந்துவிட்டன. அவள் நடந்தால் பின்னால் வரிசையாக நடக்கும். கடைத்தெருவுக்கு அவளும் ஒன்பது நாரைகளும் போவதை ஊர் வேடிக்கை பார்த்தது. ரேஞ்சர் ஒரு தடவை வந்து பார்த்துச் சிரித்தார். பிறகு என்னைத் தனியே கூப்பிட்டு, மனுசரோடு இப்படிப் பழகினால் இவை பிழைக்காது, மற்றப் பறவைகள் கிளம்பும் முன் குளத்தில் கொண்டுபோய் விட வேண்டும், அதை நான்தான் அவளிடம் சொல்ல வேண்டும் என்றார்.

சொன்னேன். ஆனி முதல் வாரம் ஒரு காலை குளத்துக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒன்பதும் தண்ணீரில் இறங்கின. அவள் திரும்பி நடந்தால் அவையும் கரையேறின. மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தாள். "போங்க. அங்கன போங்க" என்று அதட்டினாள். எறிந்த கட்டி எதுவும் பறவைமேல் படவில்லை, பக்கத்தில்தான் விழுந்தது. கடைசியில் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நாலாம் நாள் சாயங்காலம் நான் போனபோது கரையில் மீன்சட்டியோடு நின்றிருந்தாள். எதிரே ஆழமில்லாத தண்ணீரில் நூறு நாரைகளுக்கு மேல் மேய்ந்துகொண்டிருந்தன. இளம்பறவைகள் எல்லாம் ஒரே சாம்பல் நிறம். எது அவளுடையது என்று எனக்குத் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. மூன்று நாளாக வந்து நிற்கிறேன், கூப்பிட்டுப் பார்த்தேன், ஒன்றும் திரும்பவில்லை என்றாள். வெகுநேரம் இருவரும் நின்றோம். ஒரு கூட்டம் எழும்பி மேற்கே மலைப்பக்கம் போயிற்று.

"மறந்துட்டுதுவ சார்" என்றாள். "நல்லா இருக்கட்டும்."

சட்டியில் இருந்த மீனைத் தண்ணீரில் கொட்டினாள். சட்டியை மண் போட்டு இரண்டு தரம் தேய்த்துக் கழுவி, இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.